பாடாமல் சொல்லு நைனா

என் கணவர் பாடினால் எங்கள் மகள் தூங்கிவிடுவாள் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அவரும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆந்திராவில், சித்தூர்ப் பக்கம் குடிபாலாவுக்கு அடுத்த எங்கள் ஊரில் புரட்டாசி சனிக்கிழமைகளில் பஜனைக் குழு தெருத் தெருவாகப் போகும். முன்பாட்டு அவருடையது. கணீரென்ற குரல். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே பாடுவார். பக்கத்தில் மிருதங்கமும் தாளமும் காதைப் பிளந்துகொண்டிருக்கும். எட்டு மாதப் பிள்ளை அவர் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கும்.

"என் பாட்டுக்குத்தாம்மே தூங்கறா. நீ பாடினா முழிச்சிக்கினுதான கீறா," என்று என்னைக் கேலி செய்வார். எனக்குக் குரல் கிடையாது. பள்ளிக்கூடத்தில் இறைவணக்கம் பாடும்போதே என்னைக் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். அதனால் அவர் சொன்னது சரிதான் என்று விட்டுவிட்டேன்.

அவருடைய பாட்டில் ஒரு எழுத்துகூட அவள் காதில் விழுந்ததில்லை என்பது எங்களுக்குத் தெரியவர அவளுக்கு ஒன்றரை வயதாக வேண்டியிருந்தது.

அப்போது அவர் ஒரு ரெட்டியாரின் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். மாமனாருக்கு அரசாங்கம் கொடுத்த ஒரு ஏக்கர் எங்களுக்கு இருந்தது. அதில் வேர்க்கடலை போட்டால் மழை வந்த வருஷம் வீட்டுக்கு ஆகும், வராத வருஷம் மாட்டுக்குக்கூட ஆகாது. ஒரு காலையில் டிராக்டரைத் தெருவில் பின்பக்கமாக எடுத்திருக்கிறார். மகள் நடுத்தெருவில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறாள். ஹாரன் அடித்தார். நகரவில்லை. கத்தினார். திரும்பவில்லை. பின்சக்கரத்துக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும்போது பிரேக் பிடித்தது. அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் தரையில் உட்காரவைத்தார். பிறகு போய் ஒரு சொம்பையும் கரண்டியையும் எடுத்துவந்து அவள் முதுகுப் பக்கமாக நின்று தட்டினார். ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாம் முறை தட்டியபோது கையில் கரண்டி வளைந்துபோயிருந்தது. அவள் தன் கால்விரலைப் பார்த்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் வீணாகப் போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முதலில் பார்த்த டாக்டர் அவள் தலைக்குப் பின்னால் கை தட்டினார். காற்று பட்டோ என்னவோ அவள் திரும்பினாள். நன்றாகத்தான் கேட்கிறது, சில பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும் என்று அனுப்பிவிட்டார். அடுத்தவர் டானிக் எழுதினார். சொந்தக்காரர்கள் நாக்கில் தேன் தடவச் சொன்னார்கள், திருமலையில் மொட்டை போடச் சொன்னார்கள். எல்லாம் செய்தோம். காது கேட்கவில்லை என்றால் காதைச் சோதிக்கும் மிஷினில் வைத்துப் பாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் அங்கன்வாடி டீச்சர் ஒருத்திதான் சொன்னாள்.

அரசாங்கத் திட்டத்தில் ஆபரேஷன் நடந்தபோது மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து, உள்காதுக்குள் மெல்லிய கம்பியை வைத்துத் தைத்துவிட்டார்கள். அது உள்ளே இருக்கும். வெளியே காதின்மேல் ஒரு சிறிய மிஷின். அதிலிருந்து ஒரு கேபிள். கேபிளின் முனையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக ஒன்று, அதைக் காயில் என்பார்கள். அதில் காந்தம் இருக்கும். தலையில் வைத்தால் தோலுக்கு அடியில் இருக்கும் காந்தத்தோடு டக்கென்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் சத்தம் உண்டு. எடுத்தால் ஒன்றும் இல்லை. எங்கள் மகளின் காது என்பது அவ்வளவுதான்.

மிஷினை முதல்முதலாக ஓடவிட்ட நாளில் அவள் சிரிக்கவில்லை. வீறிட்டு அழுது என் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். "அழறா பாரு, கேக்குது," என்று என் கணவர் அழுதார். அன்றைக்கே பஸ்ஸில் வரும்போது அவள் காதருகே குனிந்து மெதுவாகப் பாடத் தொடங்கிவிட்டார். அவள் காயிலைப் பிய்த்து என் மடியில் போட்டாள்.

ஆபரேஷனோடு முடிந்துவிடும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கேட்கவும் பேசவும் பழக்கும் தெரபி வாரத்துக்கு மூன்று நாள், குறைந்தது மூன்று வருஷம் என்றார்கள். சித்தூரில் அதற்கு ஆள் இல்லை. திருப்பதிக்குத்தான் வர வேண்டும். ஊரிலிருந்து வந்துபோனால் ஒருநாள் முழுக்கப் பஸ்ஸிலேயே போகும். அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் கும்பல் கும்பலாகக் குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இவரும் ஒரு வீட்டுக்குக் கார் ஓட்டும் வேலைக்குப் போனார். நான் மகளோடு திருப்பதிக்கு வந்து, யாத்திரிகர்கள் தங்கும் ஒரு சத்திரத்தில் போர்வை, தலையணை உறை மாற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். இப்படி ஒரு பிள்ளையின் காதுக்காக ஒரு குடும்பம் மூன்று ஊராகப் பிரிந்தது. மாமியாரும் அந்த ஒரு ஏக்கரும் அங்கே, அவர் கடலுக்கு அப்பால், நாங்கள் இங்கே.

தெரபி மேடம் கெட்டிக்காரி. முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாளே இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பிள்ளையிடம் ஒரே மொழியில்தான் பேச வேண்டும். மூன்று வருஷம் எதுவுமே கேட்காத மூளைக்கு ஒரு மொழி ஏறுவதே பெரிய பாடு, இரண்டு மொழி போட்டால் இரண்டும் நிற்காது என்றார். எந்த மொழி என்று கேட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது. அங்கே அட்டைகள், பொம்மைகளின் பெயர்கள், வரப்போகும் பள்ளிக்கூடம் எல்லாமே தெலுங்கு. நான் பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். கடைத்தெருவில் தெலுங்கு பேசுவேன், அடுத்த வாக்கியம் தமிழில் வந்துவிடும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்துவிட்டு மகளைப் பார்த்து "நீள்ளு தாகுதாவா" என்று கேட்டேன். தண்ணீர் குடிக்கிறாயா என்று. அதிலிருந்து அவளிடம் தெலுங்குதான். ஊருக்குப் போனால் பெரிய வீட்டுப் பெண் மாதிரி தெலுங்கில் கொஞ்சுகிறாள் என்று சிரித்தார்கள். இப்போது இதை நான் எழுதுவது தமிழில். இது அச்சில் வந்தால் அவளால் படிக்க முடியாது. யாரிடம் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மேடம் சொன்ன இரண்டாவது விஷயம், பாடுங்கள் என்பது. குளிப்பாட்டும்போது பாடுங்கள், சோறு ஊட்டும்போது பாடுங்கள், சட்டை போடும்போது பாடுங்கள். ராகத்தோடு சொன்னால் பிள்ளைகள் சீக்கிரம் கவனிக்கும் என்று அவர்கள் படிப்பில் இருந்ததாம். எனக்குப் பாட வராது என்றேன். தாய் பாடினால் எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும் என்றார்.

என் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. நான் பாட வாயைத் திறந்தால் அவள் கை தலைக்குப் போகும். காயிலை எடுத்து நீட்டுவாள். முதலில் என் குரல்தான் சரியில்லை என்று வெட்கப்பட்டேன். பிறகு மேடமே தன் இனிமையான குரலில் பாடிப் பார்த்தார். அவருக்கும் அதே மரியாதைதான். ஆனால் உதடு தெரியாமல் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு "பந்து எங்கே" என்று பேச்சாகக் கேட்டால் எடுத்துத் தருவாள். ஆறு மாதத்தில் "அம்மா" என்றாள். ஒரு வருஷத்தில் பழங்களின் பெயர் பத்துப் பன்னிரண்டு சொன்னாள். பேச்சு ஏறிக்கொண்டிருந்தது. பாட்டு மட்டும் வெளியிலேயே நின்றது.

நாங்கள் குடியிருந்த அறை ஒரு சிடி கடைக்கு மேலே. இதைவிடப் பொருத்தமில்லாத இடத்தை நான் தேடிப் பிடித்திருக்க முடியாது. காலை ஐந்து மணிக்கு சாமி பாட்டுத் தொடங்கும். கடை சாத்தும்வரை ஓயாது. திருப்பதியில் யாரும் அதைச் சத்தம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த மிஷினுக்குச் சாமி பாட்டும் ஒன்றுதான், லாரி ஹாரனும் ஒன்றுதான். பக்கத்தில் இரைச்சல் இருந்தால் நான் பேசுவது அவளுக்கு உடைந்துபோகும். வீட்டில் பயிற்சி செய்ய வேண்டிய அரைமணி நேரம் கதவையும் ஜன்னலையும் சாத்தி, இடுக்கில் துணி அடைத்து, புழுக்கத்தில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கடைக்காரரிடம் போய் அந்த அரைமணி நேரம் மட்டும் குறைத்து வைக்கக் கேட்டேன். அவரும் தமிழ்க்காரர்தான், வயதானவர்.

"சாமி பாட்டும்மா. காதுல வுழுந்தாலே புண்ணியம். பாப்பாவுக்கு நல்லதுதான," என்றார்.

அவளுக்கு அது பாட்டாகவே விழவில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு, பெருமாள் மேல் நம்பிக்கை வை என்றார். சத்தம் குறையவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் குவைத்திலிருந்து போன் வரும். அவருக்கு அன்றைக்குத்தான் ஓய்வு. என்னிடம் நாலு வார்த்தை பேசியதும் பிள்ளையிடம் கொடு என்பார். போனில் வரும் குரல் அவளுக்குப் புரியாது. போனைக் காதில் வைத்தால் சத்தம் போகாது, காதின்மேல் இருக்கும் மிஷினின் மைக்கில் வைக்க வேண்டும். அதைப் பழக்கவே எனக்குப் பல வாரம் ஆனது. வைத்தவுடன் அவர் பாடுவார். எனக்குப் பக்கத்திலிருந்தே கேட்கும். பாலைவனத்தில் யாருமில்லாத அறையில் உட்கார்ந்து, பஜனையில் பாடும் அதே குரலில் மனம்விட்டுப் பாடுவார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பாட்டு முடிவதற்கு முன்பே போனை என்னிடம் தந்துவிட்டு விளையாடப் போய்விடுவாள்.

"கேட்டாளா? சிரிச்சாளா?" என்று கேட்பார்.

கேட்டாள், சிரித்தாள் என்று பொய் சொன்னேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொன்னேன். கண்காணாத ஊரில் கிடப்பவரிடம் வேறென்ன சொல்வது என்று அப்போது நினைத்தேன். அந்தப் பொய்தான் பின்னால் என் தலையில் விழுந்தது.

மகளுக்கு ஆறு வயது நடக்கும்போது தெரபி நடத்தும் இடத்தில் ஒரு விழா ஏற்பாடு செய்தார்கள். பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், ஆபரேஷன் செய்த பிள்ளைகள் ஆறு பேர் சேர்ந்து ஒரு பக்திப் பாட்டுப் பாட வேண்டும் என்றார்கள். இதை முடிவு செய்தது மேடம் இல்லை, அவருக்கு மேலே இருந்தவர்கள். மேடம் என்னைத் தனியே கூப்பிட்டு, இந்த மிஷின் பேச்சுக்காகச் செய்தது, தாளம் பிடிபடும், ராகத்தின் ஏற்ற இறக்கம் பல பிள்ளைகளுக்குப் பிடிபடாது, உங்கள் மகளுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன் என்றார். அப்படியென்றால் ஏன் பாட வைக்கிறீர்கள் என்று கேட்டேன். பேச்சுப் போட்டி வைத்தால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாதாம். பாடினால்தான் கேட்கிறது என்று நம்புவார்களாம்.

அன்றைக்கே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இவர்களைப் பகைத்தால் நாளைக்குத் தெரபிக்கு எங்கே போவது என்ற பயம். அதோடு உள்ளுக்குள் ஒரு ஆசையும் இருந்தது. அதை மறைத்து என்ன பயன்? என் பிள்ளை மேடையில் பாடி, அதை அவர் கேட்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான்.

இரண்டு மாதம் அவளை வதைத்தேன். சத்திரத்திலிருந்து வந்ததும் கதவைச் சாத்தி உட்காருவோம். வரிகளைச் சீக்கிரமே மனப்பாடம் செய்துவிட்டாள். ராகம் வரவில்லை. மேலே போக வேண்டிய இடத்தில் சத்தத்தைக் கூட்டினாள், கீழே வர வேண்டிய இடத்தில் குறைத்தாள். அவளுக்குத் தெரிந்த மேடும் பள்ளமும் அதுதான். நான் மறுபடி மறுபடி சொல்லிக்கொடுத்தேன், ராகமே வராத நான். ஒருநாள் மாலையில் காயிலைக் காணோம். அறை முழுக்கத் தேடினேன். பாயை உதறினேன், அலமாரியைக் கவிழ்த்தேன், தெருவரைக்கும் போய்ப் பார்த்தேன். கடைசியில் அரிசி டின்னுக்குள், ஆழத்தில், கேபிளோடு சுருட்டிப் புதைத்து வைத்திருந்தாள். தண்ணீர்ப் பானையில் போட்டிருந்தால் என்ன கதி என்று நினைத்ததும் எனக்குக் கண்ணே தெரியவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டேன்.

விட்ட பிறகுதான் எந்தப் பக்கம் அடித்தோம் என்று பார்த்தேன். ஆபரேஷன் செய்த பக்கம். தலையில் அடிபடவே கூடாது என்று நூறு முறை சொல்லி அனுப்பியிருந்தார்கள். காயிலைத் துடைத்து அவள் தலையில் ஒட்டவைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டேன். கேட்டும் கேட்காதது மாதிரி இருக்கிறாளா, கேட்கவே இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீண்ட ஐந்து நிமிஷம் வேறு இல்லை. பிறகு "நொப்பி" என்றாள். வலிக்கிறது என்று. அன்றோடு அவளை அடிப்பதை விட்டேன். ஆனால் விழாவை விடவில்லை, அதற்கு என்ன சொல்ல?

விழா நாளில் ஹாலில் மின்விசிறிகளும் ஜனங்களின் பேச்சும் ஸ்பீக்கரும் சேர்ந்து எனக்கே காது அடைத்தது. ஆறு பிள்ளைகளையும் பட்டுப் பாவாடையும் வேஷ்டியும் கட்டி நிறுத்தியிருந்தார்கள். பின்னால் ஹார்மோனியம் தொடங்கியதும் என் மகள் என்னைத் தேடினாள். அவளுக்கு ஒன்றும் பிரிந்து கேட்கவில்லை என்று அவள் கண்ணைப் பார்த்ததுமே தெரிந்தது. நான் முன்வரிசைக்கு ஓடிப்போய்த் தரையில் உட்கார்ந்து கையால் தாளம் போட்டேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டு, தாளம் தப்பாமல், ராகமே இல்லாமல், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலப் பாட்டைச் சொல்லி முடித்தாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. ஒரு எழுத்து மழுங்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் "அம்மா" சொல்லத் தெரியாத பிள்ளை. அந்த உச்சரிப்புக்குக் கை தட்டியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். ஜனங்கள் பாட்டுக்குத் தட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தக் கைத்தட்டலில் இருந்தது பாராட்டு இல்லை, பரிதாபம். எனக்கு அது தெரியும். தெரிந்தும் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

அதிகாரி மைக்கைப் பிடித்து, மலைமேல் இருப்பவன் இந்தப் பிள்ளைகளுக்குச் சங்கீதத்தையே திறந்துவிட்டான் என்று பேசினார். பத்திரிகைக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, மகள் பாடியபோது எப்படி இருந்தது என்று கேட்டார். நான் சொன்னேன், சித்தூரில் ஒரு தெரபி டீச்சர் வேண்டும், நாங்கள் ஊரை விட்டு வந்து கிடக்கிறோம், கேபிள் அறுந்தால் வாரக்கணக்கில் பிள்ளை செவிடாக இருக்கிறது, அதை எழுதுங்கள் என்று. அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. கீழே, காது கேளாத குழந்தைகளின் நாவில் கானமழை என்று இருந்தது. நான் சொன்னது ஒரு வரிகூட இல்லை.

அந்தப் படம் எப்படியோ குவைத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கூட வேலை செய்பவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை போன் செய்து, பாடச் சொல்லு, எல்லாரும் கேட்கிறோம் என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். வேண்டாம் என்று சொல்வதற்குள் மகள் போனை வாங்கிக்கொண்டாள். பாவம், நன்றாகச் செய்தோம் என்று நினைத்திருந்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ ஒருவர் இருமினார். பிறகு அவர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாமே இது? பாட்டா இது?"

"அவளுக்கு அப்டித்தான் வரும்யா. மேடமே சொல்லிட்டாங்க."

"இத்தினி நாளு நான் பாடனது கேட்டா, சிரிச்சான்னு சொன்னியே?"

நீதான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றார். ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது, என்னிடம் மறைக்கிறாய் என்றார். ஆபரேஷன் பேசுவதற்குத்தான், பாடுவதற்கு இல்லை என்று எவ்வளவு சொன்னாலும் அவர் மனசு கேட்கவில்லை. என் ரத்தத்தில் பிறந்த பிள்ளைக்கா பாட்டு வராது என்று கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"உன் பாட்ட அவ ஒருநாளும் கேக்கலய்யா. உன் தோள்ல தூங்கனாளே, அப்பவும் கேக்கல. கேக்காததாலதான் தூங்கனா," என்றேன்.

போன் வைத்துவிட்டார். சொன்னது உண்மைதான். ஆனால் அவ்வளவு தூரத்தில் தனியாக இருப்பவரிடம் அதை அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். மூன்று வெள்ளிக்கிழமை அவர் கூப்பிடவில்லை. நான்காவது வெள்ளி கூப்பிட்டபோது நலம் விசாரித்ததோடு சரி. அதன் பிறகு போனில் அவர் பாடியதே இல்லை.

அவர் திரும்பி வந்தபோது மகளுக்கு ஒன்பது வயது. கார் ஓட்டிய வீட்டில் வேலை முடிந்துவிட்டது, வேறு இடம் கிடைக்கவில்லை. பிள்ளை அவரிடம் சீக்கிரமே ஒட்டிக்கொண்டாள். அவர் அவளுக்காகத் தெலுங்கிலேயே பேசினார். அவருடைய தெலுங்கில் அவள் பிழை திருத்தினாள். அவர் ஒருபோதும் பாடவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அந்த வருஷம் புரட்டாசிக்கு ஊருக்குப் போனோம். பஜனைக் குழு அவரை விடவில்லை. பகல் வேளை, கோயில் வாசலில் பந்தல் போட்டிருந்தது. அவர் பாடத் தொடங்கியதும் மகள் முன்னால் போய் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்தாள். மிருதங்கம் வேகமெடுத்தபோது தொடையில் சரியாகத் தாளம் போட்டாள். பிறகு புருவத்தைச் சுருக்கினாள். எழுந்து வெளியே போய்விட்டாள். அவர் கண்கள் அவள் பின்னாலேயே போனதை நான் பார்த்தேன். குரல் மட்டும் நிற்கவில்லை.

மறுநாள் காலை அவர் இட்லி தின்றுகொண்டிருக்கும்போது அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். நேற்று என்ன பாடினாய் என்று தெலுங்கில் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, தொண்டையைத் திறக்காமல், முதல் வரியைப் பாடினார். அவள் கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினாள்.

"பாடொத்து நைனா. செப்பு," என்றாள்.

பாடாதே அப்பா, சொல்லு என்று. அவர் கொஞ்ச நேரம் இட்லியைப் பிசைந்துகொண்டிருந்தார். அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பிறகு சொன்னார். ராகம் இல்லாமல், ஒவ்வொரு வரியாக. அது தமிழ்ப் பாட்டு. அவள் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லி அர்த்தம் கேட்டாள். அவர் தெலுங்கில் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் துழாய் என்று ஒரு சொல் வந்தது. அப்படியென்றால் என்ன என்றாள். அவருக்குத் தெரியவில்லை. இருபது வருஷமாகப் பாடுகிறார், அது என்னவென்று ஒருநாளும் யோசித்ததில்லை. பஜனைக் குழுவில் நாலு பேருக்குப் போன் போட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. அது ஒரு ராகத்துக்காகப் போட்டது என்று ஒருவர் சொல்லிவிட்டார். திருப்பதிக்கு வந்த பிறகு, எங்கள் தெருவில் இருந்த கோயில் கைங்கரியக்காரர் வீட்டு மாமியிடம் நான் கேட்டேன். துளசிதான் என்றார். மகளிடம் போய்ச் சொன்னதும், இவ்வளவுதானா என்ற மாதிரி பார்த்தாள்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. சரியாகவில்லை. எப்போதாவது ஒரு பாட்டின் வரிகளை அவர் அவளுக்குச் சொல்வார். ஆனால் வண்டியில் தனியாகப் போகும்போது மட்டும்தான் பாடுவார். இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறார், சந்திரகிரி, காளஹஸ்தி என்று யாத்திரிகர்களைக் கூட்டிப்போவார். நான் பக்கத்தில் உட்கார்ந்தால்கூடப் பாட்டு நின்றுவிடும். அன்றைக்கு நான் போனில் சொன்னது இன்னும் அவருக்குள் இருக்கிறது. கல்யாண வீடுகளில் மேளம் தொடங்கியதும் மகள் மிஷினைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவாள். பார்க்கிறவர்கள் என்னிடம் வந்து, அய்யோ பாட்டுக்கூடக் கேட்க முடியலையா என்று இரக்கப்படுவார்கள். அவளுக்கு அதில் குறையில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

எங்களுக்குக் குறை வேறு. அவள் பத்தாவது படிக்கும்போது மிஷின் பழையதாகிப்போனது. அந்த மாடலே நிறுத்திவிட்டார்கள், கேபிள் கிடைப்பதில்லை. கிடைத்த ஒன்றையும் டேப் சுற்றி ஓட்டினோம். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அதுவும் விட்டு விட்டுக் கேட்டது. புது மிஷின் கேட்டு மனு எழுதினோம். எழுதியது அவளே, நல்ல தெலுங்கில், இரண்டு பக்கம். அதற்குள் மாவட்டத்தைப் பிரித்துவிட்டிருந்தார்கள். ரேஷன் கார்டு குடிபாலாவில், சித்தூர் மாவட்டம். குடியிருப்பது திருப்பதி மாவட்டம். இங்கே போனால் அங்கே போ என்றார்கள். அங்கே போனால் இங்கே போ என்றார்கள். மூன்றாவது தடவை ஒரு திங்கள்கிழமை, ஜனங்கள் குறை சொல்லும் நாளில், ஒரு அதிகாரி முன்னால் உட்காரக் கிடைத்தது.

அவர் மனுவைப் படிக்கவில்லை. அவள் காதில் இருந்த மிஷினை ஆச்சரியமாகப் பார்த்தார். இதை வைத்துக்கொண்டு எல்லாம் கேட்குமா என்றார். கேட்கும் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, அன்பாகத்தான், மகளைப் பார்த்துச் சொன்னார், எங்கே ஒரு பாட்டுப் பாடு பார்ப்போம் என்று.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் மனுவைத் திருப்பி அவர் பக்கமாகத் தள்ளி, இரண்டாம் பக்கத்தில் அடிக்கோடு போட்டிருந்த வரியில் விரலை வைத்தாள்.

"பாட்ட ராது சார். கேபிள் காவாலி," என்றாள். பாட்டு வராது சார், கேபிள் வேண்டும்.

அவர் சிரித்துவிட்டு முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். ரசீது கொடுத்தார்கள். வெளியே வெயிலில் நின்று அவள் அந்த ரசீதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். அடுத்த திங்களும் வரவேண்டியிருக்கும் அம்மா, லீவு லெட்டர் எழுதிவிடு என்றாள்.